குழந்தைகளைப் பற்றி எழுதப் போகும் நிருபர்கள் செய்யக்கூடாத தவறுகள்

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் மலையாளம், போனில் இங்கிலீஷ் பாட்டு. மூன்று வயதுக் குழந்தை காலையிலிருந்து ராத்திரிக்குள் இந்த மூன்றிலும் நீந்தி வருகிறது. சின்னக் குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள், டிவியும் போனும் அவர்களை என்ன செய்கின்றன என்பதையே தன் பீட்டாக, அதாவது தொடர்ந்து எழுதும் துறையாக எடுத்துக்கொள்ள விரும்பும் இளம் நிருபர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் நானே செய்த தவறுகள்தான்.

முதலாவது, அவசரம். எல்லையோரத்து அங்கன்வாடி ஒன்றில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கட்டுரை எழுதினேன். டீச்சர் ஒரு நாய்ப் படத்தைக் காட்டி "இது எந்தாணு?" என்றார். நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று பேசாமல் நின்றது. "பட்டி" என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தார், அப்போதும் விழித்தது. படத்தைக்கூட அடையாளம் சொல்லத் தெரியாத குழந்தைகள் என்று நான் எழுதி, அந்தக் குழந்தை முகம் தெரிகிற படத்தையும் கூடவே போட்டுவிட்டேன். பேப்பர் வந்த அன்றைக்கே அதன் பாட்டி போன் செய்தார். "ஏனுங்க தம்பி, நம்ம பாப்பாவுக்கு நாயே தெரியாதுன்னு எழுதிட்டீங்களாமா? வூட்டுல ரெண்டு நாய் கெடக்குதுங்க." அவர்கள் வீட்டில் பட்டி என்றால் ஆடு அடைக்கிற இடம். மலையாளத்தில் அது நாய். தண்ணீருக்கு டீச்சர் வெள்ளம் என்கிறார், தமிழ் வீட்டில் வெள்ளம் என்றால் ஆற்றில் வருவது. குழந்தைக்கு அறிவு குறைவு என்று நான் நினைத்தது இதைத்தான்.

திரும்பப் போய் மூன்று நாள் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். அதே குழந்தை தமிழில் கதை சொன்னது, டீச்சர் சொன்ன மலையாளப் பாட்டை அபிநயத்தோடு பாடியது, டீச்சரிடம் ஒரு மொழி, ஹெல்பர் அக்காவிடம் ஒரு மொழி என்று பிரித்துப் பேசவும் செய்தது. அதனால் எல்லை ஊர்களில் ஒரு குழந்தைக்கு எத்தனை வார்த்தை தெரியும் என்று எழுதும்போது இரண்டு மொழியிலும் கேட்டுப் பாருங்கள். ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் பாதிக் குழந்தையைத்தான் பார்க்கிறீர்கள்.

படம் போட்டது தனித் தவறு. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை, குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை, சாட்சியான குழந்தை இவர்களின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்று 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. இந்தக் குழந்தை அந்தப் பட்டியலில் இல்லை. இருந்தாலும் "தெரியாத பிள்ளை" என்ற பேர் ஊருக்குள் அதன் முகத்தோடு ஒட்டிக்கொண்டது, அதை ஒட்டியது நான்.

அப்புறம் எண்கள். ஏழை வீட்டுக் குழந்தை நாலு வயதுக்குள் மூன்று கோடி வார்த்தைகள் குறைவாகக் கேட்கிறது என்று நாம் அடிக்கடி எழுதுகிறோம். ஹார்ட், ரிஸ்லி என்ற இருவர் அமெரிக்காவின் கான்சாஸில் வெறும் 42 குடும்பங்களைக் கவனித்து, அதிலிருந்து பெருக்கி 1995இல் சொன்ன கணக்கு அது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். பாட்டி, அத்தை, அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர் என்று பத்துப் பேர் பேசுகிற நம் வாசலுக்கு அதை அப்படியே தூக்கி வரக்கூடாது. அதேபோல, மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் நடக்கிறது என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொன்னால், ஆறுக்கு மேல் ஒன்றும் ஏறாது என்று தலைப்பு வைத்துவிடாதீர்கள். மூளை வளர்வது வேறு, கற்பது வேறு. அந்தத் தலைப்பைப் படிக்கிற ஏழு வயதுக் குழந்தையின் அம்மாவை நினைத்துப் பாருங்கள்.

திரை விஷயத்தில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். குழந்தைகளுக்கான வீடியோ பார்த்த 8 முதல் 16 மாதக் குழந்தைகளுக்கு வார்த்தைகள் குறைவாகத் தெரிந்தன என்று 2007இல் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது, உலகம் முழுக்க "வீடியோ மூளையைக் கெடுக்கிறது" என்று செய்தி ஓடியது. அதே தரவை 2014இல் வேறு இருவர் திரும்ப அலசியபோது முடிவு அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. இரண்டு விஷயம் சேர்ந்து நடந்தால் ஒன்றால்தான் மற்றது வந்தது என்று ஆகாது. இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், நாலு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதை எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். ஆனால் மணிக்கணக்கை மட்டும் எழுதி, தோட்ட வேலைக்குப் போய்வந்து அடுப்பில் நிற்கிற அம்மாவைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். இந்தத் துறையிலேயே பல வருடம் எழுதிய அமெரிக்கப் பத்திரிகையாளர் லிசா கெர்ன்சி மூன்றைப் பார்க்கச் சொல்கிறார்: திரையில் என்ன ஓடுகிறது, எந்தச் சூழலில் பார்க்கிறது, பார்க்கிற குழந்தை எப்படிப்பட்டது. நான் இதோடு இன்னொன்றையும் கேட்பேன்: குழந்தை பேசினால் பதில் சொல்ல ஆள் இருக்கிறதா? திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிற அப்பா வீடியோ காலில் "பாப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்பதும், யாரும் பக்கத்தில் இல்லாமல் ஓடுகிற கார்ட்டூனும் ஒன்றல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2016இல் கைக்குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்றபோது வீடியோ காலுக்கு விலக்குக் கொடுத்தது.

ஒளிபரப்பானதைக் கற்றதாக எழுதுவதும் தவறுதான். கொரோனா காலத்தில் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்காகக் கேரள அரசின் கல்விச் சேனலான விக்டர்ஸில் "கிளிக்கொஞ்சல்" என்ற நிகழ்ச்சி வந்தது, நல்ல முயற்சி. தமிழ் மட்டும் பேசுகிற வீட்டில் அந்த மலையாள நிகழ்ச்சி ஓடும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், என்ன பேசினார்கள் என்று விசாரிக்காவிட்டால் செய்தி பாதிதான்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. வெளியிடுவதற்கு முன்னால் குழந்தையைப் பற்றிய பத்தியை மட்டுமாவது டீச்சருக்கும் வீட்டுக்கும் வாசித்துக் காட்டுங்கள். டீச்சருக்குத் தமிழ் படிக்க வராது, பாட்டிக்கு எழுத்தே தெரியாது, அதனால் நேரில் போய்த்தான் ஆகவேண்டும். தப்பு இருந்தால் வாசலிலேயே சொல்லிவிடுவார்கள்.