இயங்குதளத் தரநிலை வரைவுக்கு வந்த கருத்துரைகளைத் தீர்த்து வைப்பது எப்படி?

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களுக்குப் பொதுவான தரநிலை போசிக்ஸ். டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் 1998 செப்டம்பரில் முதன்முதலாகக் கூடியதால் ஆஸ்டின் குழு என்று பெயர் பெற்ற கூட்டுப் பணிக்குழுதான் அதை இன்றுவரை பராமரித்து வருகிறது. மின், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பான ஐஇஇஇ, யூனிக்ஸ் வணிகப் பெயரை வைத்திருக்கும் ஓப்பன் குரூப், பன்னாட்டுத் தர அமைப்புகளான ஐஎஸ்ஓ-ஐஇசி ஆகிய மூன்று தரப்பும் ஒரே உரையை ஏற்றுக்கொள்வதால், அதில் ஒரு சொல்லை மாற்றினாலும் அந்த மாற்றம் மூன்றின் பெயராலும் வெளியாகிறது. 2024 பதிப்பு ஏறத்தாழ 4,000 பக்கம் கொண்டது. இத்தகைய வரைவு ஒன்று மறுஆய்வுக்குச் சென்று திரும்பும்போது உடன் வரும் கருத்துரைகளை முதன்முறையாகக் கையில் எடுப்பவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஒரு கருத்துரையில் மூன்று செய்திகள் இருந்தாக வேண்டும்: அது எந்தப் பக்கத்தின் எந்த வரியைப் பற்றியது, அங்கே என்ன குறை, அதற்குப் பதிலாக என்ன எழுத வேண்டும். போசிக்ஸ் வரைவுகளில் வரி தவறாமல் எண் இடப்படுவது இதற்காகத்தான். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் குழுவின் முன் வைப்பதற்கு முன்பே அனுப்பியவரிடம் கேட்டுப் பெற்றுவிடுங்கள்; "இந்தப் பகுதி குழப்பமாக இருக்கிறது" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு பத்துப் பேர் ஒரு மணி நேரம் பேசினால், பத்து விதமான குழப்பங்களைப் பற்றிப் பேசியிருப்பார்கள். குறை இன்னது என்பதை உங்கள் சொற்களில் ஒருமுறை எழுதிப் பார்ப்பதும் நல்லது. எழுத வரவில்லை என்றால் உங்களுக்கு அது இன்னும் புரியவில்லை.

அடுத்து, கருத்துரைகளைப் பக்க வரிசைப்படி எடுக்காமல் பொருள் வாரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு வரும் அறிவிப்புகளான சமிக்ஞைகளைப் பற்றிய ஐந்து கருத்துரைகள் ஐந்து அதிகாரங்களில் சிதறிக் கிடக்கலாம். தனித்தனியாகத் தீர்த்தால் ஒன்றுக்கொன்று முரணான ஐந்து தீர்வுகள் வந்துவிடும். எழுத்துப்பிழை, நிறுத்தற்குறி போன்றவற்றைப் பதிப்பாசிரியரிடமே விட்டுவிடலாம். ஆனால் மொழித்திருத்தம் என்ற வகைப்பாட்டை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஆங்கில உரையில் "ஷுட்" என்று இருப்பதை "ஷல்" என்று மாற்றச் சொல்லும் கருத்துரை, அனுப்பியவர் எந்தப் பெயரிட்டு அனுப்பியிருந்தாலும், தொழில்நுட்ப மாற்றமே ஆகும். "ஷல்" என்றால் கட்டாயம், "ஷுட்" என்றால் பரிந்துரை, "மே" என்றால் செய்யலாம், செய்யாமலும் விடலாம். தமிழில் இவற்றில் முதல் இரண்டுக்கும் "வேண்டும்" என்றே சொல்லிப் பழகிய நாம் இந்த இடத்தில் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டியிருக்கிறது.

இதே கவனம் வேறு மூன்று சொற்றொடர்களுக்கும் தேவை. ஒரு நடத்தை செயலாக்கத்தின், அதாவது தரநிலையைப் பின்பற்றி உருவாக்கப்படும் இயங்குதளத்தின், முடிவுக்கு விடப்பட்டது என்று தரநிலை சொன்னால், இயங்குதளத்தை உருவாக்குபவர் தாம் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதை ஆவணத்தில் எழுதியாக வேண்டும். குறிப்பிடப்படவில்லை என்று சொன்னால் அந்தக் கடமை அவருக்கு இல்லை. வரையறையற்றது என்று சொன்னால், நிரல் எழுதியவர் செய்யக்கூடாததைச் செய்துவிட்டார் என்றும் அதன்பின் என்ன நடந்தாலும் தரநிலை பொறுப்பேற்காது என்றும் பொருள். பல கருத்துரைகளின் உண்மையான கேள்வி, இந்த மூன்றில் எது இங்கே பொருந்தும் என்பதாகவே இருக்கும். அதைக் கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

மீதிப் பாதி எப்படி இருக்கும் என்பதை ஒரு உண்மையான எடுத்துக்காட்டைக் கொண்டு காட்டுகிறேன். கோப்பை மூடுமாறு நிரல் இயங்குதளத்தைக் கேட்கும் குளோஸ் அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஒரு சமிக்ஞை குறுக்கிட்டால், அழைப்பு ஈஇன்டர் என்ற பிழையுடன் திரும்பும் என்றும், அப்போது அந்தக் கோப்பு எண் (திறந்த கோப்புக்கு இயங்குதளம் தரும் அடையாள எண்) என்ன நிலையில் இருக்கும் என்பது குறிப்பிடப்படவில்லை என்றும் 2008 பதிப்பு சொன்னது. நிரல் எழுதுபவர் இதைப் படித்துவிட்டு என்ன செய்வார்? மீண்டும் ஒருமுறை மூடச் சொல்லலாம். ஆனால் முதல் அழைப்பிலேயே எண் விடுவிக்கப்பட்டிருந்து, இடைப்பட்ட நொடியில் அதே நிரலுக்குள் இணையாக ஓடும் வேறொரு த்ரெட் புதிய கோப்பைத் திறந்திருந்தால், காலியாக உள்ள எண்களில் மிகச் சிறியதையே தர வேண்டும் என்ற விதியின்படி அதே எண் அந்தப் புதிய கோப்புக்குப் போயிருக்கக்கூடும். அப்படியானால் இரண்டாவது அழைப்பு அடுத்தவருடைய கோப்பை மூடிவிடும். மூடாமல் விட்டாலோ, முதல் அழைப்பு எண்ணை விடுவிக்காமல் திரும்பியிருந்தால், அந்த எண் நிரல் முடியும்வரை வீணாகத் திறந்தே கிடக்கும். லினக்ஸ் எண்ணை விடுவித்துவிடுகிறது, ஹெச்பி நிறுவனத்தின் யூனிக்ஸான ஹெச்பி-யூஎக்ஸ் விடுவிப்பதில்லை. எந்தப் பக்கம் சாய்ந்து எழுதினாலும் மறுபக்கத்தில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் பாதிக்கப்படும்.

இங்கே "எண் விடுவிக்கப்படும் என்று எழுதுங்கள்" என்று கேட்டு ஒரு கருத்துரை வந்தால் அதை அப்படியே ஏற்பதும் தவறு, மறுப்பதும் தவறு. குறை உண்மையானது, கேட்ட மருந்து மட்டும் பொருந்தவில்லை. 2024 பதிப்பில் வந்த தீர்வைப் பாருங்கள். ஈஇன்டர் என்று திரும்பினால் எண் இன்னும் திறந்திருக்கிறது என்று பொருள். எண்ணை விடுவித்துவிட்ட செயலாக்கம் ஈஇன்புரோகிரஸ் என்ற பிழையையோ வெற்றியையோ திருப்ப வேண்டும். எந்த நடத்தை வேண்டும் என்பதை நிரலே சொல்வதற்காக போசிக்ஸ்_குளோஸ் என்ற புதிய அழைப்பும் சேர்க்கப்பட்டது. ஆக, எண்ணை எந்த நிலையில் விட வேண்டும் என்பதைத் தரநிலை யார் மீதும் திணிக்கவில்லை; எந்த நிலைக்கு எந்தப் பிழை என்பதை மட்டும் உறுதியாக்கியது. நிரலாளருக்குத் தேவைப்பட்டதும் அதுதான். கேட்கப்பட்ட மாற்றத்துக்கும் அதன் பின்னால் இருக்கும் தேவைக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியைத் தேடுவதுதான் கருத்துரை தீர்ப்பவரின் முதன்மையான வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கோப்புப் பெயருக்குள் புதுவரிக் குறி வரலாமா என்ற விவகாரமும் இப்படிப்பட்டதே. ஒரு வரிக்கு ஒரு பெயர் என்று எண்ணிப் படிக்கும் ஷெல் நிரல்கள் (கட்டளைகளைத் தொகுத்து எழுதும் நிரல்கள்) அத்தகைய பெயரைக் கண்டால் தடுமாறுகின்றன. சில வேளைகளில் அது பாதுகாப்புக் குறையாகவும் ஆகிவிடுகிறது. முழுத் தடை விதித்தால், ஏற்கெனவே வட்டில் இருக்கும் கோப்புகளை என்ன செய்வது? 2024 பதிப்பு அத்தகைய பெயர்களை உருவாக்க மறுக்குமாறு செயலாக்கங்களை ஊக்குவிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. கூடவே, கோப்புகளைத் தேடும் ஃபைன்ட் கட்டளைக்கு -பிரின்ட்0, பெயர்ப் பட்டியலை வேறொரு கட்டளைக்குத் தரும் எக்ஸ்ஆர்க்ஸ் கட்டளைக்கு -0 என, பெயர்களைப் புதுவரிக்குப் பதிலாகச் சுழியக் குறியால் பிரிக்கும் விருப்பங்களைச் சேர்த்து, அத்தகைய பெயர்களையும் பிழையின்றிக் கையாள வழி செய்திருக்கிறது.

குழு ஒரு முடிவுக்கு வந்ததும் அதைத் தீர்வாக எழுத வேண்டும். "கொள்கையளவில் ஏற்கப்பட்டது, உரையைச் சீர்செய்யவும்" என்று எழுதிவிட்டு எழுந்துவிடுவது பொதுவான பழக்கம். அடுத்த வரைவில் தகராறு கிளம்புவது பெரும்பாலும் அங்கிருந்துதான். இன்ன பக்கம், இன்ன வரி, இருக்கும் சொற்கள் இவை, வர வேண்டிய சொற்கள் இவை என்று, விவாதத்தில் கலந்துகொள்ளாத பதிப்பாசிரியர் யாரையும் கேட்காமல் அப்படியே எடுத்துப் பதிக்கும் வடிவில் எழுதுங்கள். கேட்டதை அப்படியே ஏற்றால் "ஏற்கப்பட்டது" என்றும், மாற்றி ஏற்றால் "குறித்தவாறு ஏற்கப்பட்டது" என்றும், இல்லையெனில் "மறுக்கப்பட்டது" என்றும் குறியுங்கள். ஓர் அழைப்பின் பக்கத்தைத் திருத்தும்போது அதன் பிழைப் பட்டியல், மாற்ற வரலாறு, காரண விளக்கத் தொகுதியில் அதைப் பற்றிய பத்தி, அதே நடத்தையைப் பேசும் பிற அழைப்புகளின் பக்கங்கள் ஆகியவற்றையும் தேடிப் பார்த்து, தேவையான திருத்தங்களை அதே தீர்வில் சேர்த்துவிடுங்கள்.

மறுப்புக்குக் காரணம் எழுதும்போது கருத்துரையில் உள்ள வாதத்துக்கே பதில் சொல்லுங்கள். "குழுவில் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை" என்பது நடந்ததைத் தெரிவிக்கிறதே தவிர அவருக்குப் பதிலாகாது. தரநிலையின் எந்தப் பகுதி ஏற்கெனவே அதைச் சொல்கிறது, அல்லது எந்தச் செயலாக்கங்கள் இதனால் பாதிக்கப்படும், அல்லது இப்படி ஒரு நடத்தை எந்த இயங்குதளத்திலும் இதுவரை இல்லாதபோது தரநிலை அதைப் புதிதாகக் கண்டுபிடிப்பது ஏன் முறையாகாது என்பதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். ஆட்சேபம் எழுதியவர் பெரும்பாலும் அந்தக் குறையால் தம் நிரலில் பல நாள்களை இழந்தவராக இருப்பார். அவர் ஏற்காவிட்டாலும், தாம் எழுதியது முழுமையாகப் படிக்கப்பட்டது என்பதாவது அவருக்குத் தெரிய வேண்டும்.

ஐஇஇஇ வாக்கெடுப்பில் வாக்குச்சீட்டுகளில் 75 சதவீதமாவது திரும்பி வர வேண்டும். அவற்றில் ஏற்பும் மறுப்புமாக வந்த வாக்குகளில் 75 சதவீதம் ஏற்பாக இருக்க வேண்டும். அந்த அளவை எட்டியதாலேயே, தீராத மறுப்பு வாக்குகளை ஓரமாக வைத்துவிட முடியாது. அவற்றுக்குரிய கருத்துரைகளும் குழுவின் பதில்களும், மாற்றப்பட்ட உரையோடு சேர்ந்து வாக்களித்தோர் அனைவருக்கும் மறுசுற்றுக்குப் போக வேண்டும். அந்தச் சுற்றில் மாறிய பகுதிகள், அவற்றால் பாதிக்கப்பட்ட பகுதிகள், தீராத மறுப்பு வாக்குகளின் கருத்துரைகளுக்குரிய பகுதிகள் ஆகியவற்றைப் பற்றிய கருத்துரைகளே கணக்கில் வரும் என்பதால், மாற்றக் குறிகள் ஓரிடத்திலும் விடுபடாமல் இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். புதிய வரைவில் வரி எண்கள் நகர்ந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு தீர்விலும் பழைய வரைவின் எண்ணோடு புதிய எண்ணையும் குறித்து, பதிக்கப்பட்ட சொற்களைத் தீர்வில் எழுதிய சொற்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகே அந்தக் கருத்துரை முடிந்தது என்று குறியிடுங்கள்.