வி.எம்.முக்குள் சிப் சர்வர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஸ்வேர்டை 1234 என்று வைக்காதீர்கள், பேக்கப் எடுங்கள் என்பதெல்லாம் எங்கேயும் கிடைக்கும். பெங்களூருவில் எங்கள் டீமுக்கு வரும் புதியவர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த அதே குழிகளில் ஒன்று விடாமல் விழுவதால் இதை எழுதுகிறேன். சிப் (SIP) என்பது நெட் வழியாக ஃபோன் கால்களை இணைக்கும் விதிமுறை; வி.எம். என்பது ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்.

வெளி ஐபியைச் சொல்லாமல் விடுவது

இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். பெல்லந்தூரில் ஒரு கால் சென்டர். ஆஸ்டரிஸ்க் என்ற சிப் சர்வர் மென்பொருளை கிளவுட் வி.எம்.முக்கு மாற்றியிருந்தார்கள். கால் வருகிறது, பேச்சும் தெளிவாகக் கேட்கிறது, அரை நிமிடம் தாண்டியதும் கட். ஏஜென்ட்டுகள் நெட்வொர்க்கைத் திட்ட, நெட்வொர்க்காரர் ட்ரங்க் (வெளி ஃபோன் இணைப்பு) கொடுத்தவர்களைக் கைகாட்ட, நடுவில் ரேமை இரட்டிப்பாக்கிக் காசைக் கரைத்தாகிவிட்டது. "அண்ணா, இன்னும் நாலு சிபியு கோர் போட்டுப் பார்க்கலாமா?" என்றான் புதிதாகச் சேர்ந்த தம்பி.

ஒவ்வொரு காலும் 32 விநாடியில் அறுந்தால் கோரைத் தொடவே வேண்டாம். கிளவுட் வி.எம்.முக்குத் தெரிவது பெரும்பாலும் 10 என்று தொடங்கும் உள் ஐபி மட்டும். வெளி ஐபி அதற்கு முன்னால், முகவரியை மாற்றித்தரும் நாட்டில் (NAT) இருக்கிறது. கால் எடுக்கப்பட்டதும் சர்வர் அனுப்பும் 200 ஓகேயின் ('எடுத்தாயிற்று' என்ற பதில்) கான்டாக்ட் வரியில் அந்த உள் ஐபியே போகும். எதிர்முனை ஏக்கை (ACK, 'கிடைத்தது' என்ற ஒப்புதல்) அங்கே அனுப்பும். அது எங்கும் போய்ச் சேராது. சர்வர் அரை விநாடி, 1, 2, 4 என்று இடைவெளி விட்டு அதே 200 ஓகேயைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, 32-வது விநாடியில் கையை விரித்துவிடும். சிப் செய்திகளைக் காட்டும் எஸ்என்கிரெப்பைத் (sngrep) திறந்தால் 200 ஓகே வரிசையாக நிற்பது தெரியும்.

பேச்சு கேட்டதால்தான் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஆஸ்டரிஸ்க்கின் சிப் பகுதியான பிஜேசிப்பின் கான்ஃபிக்கில் எக்ஸ்டர்னல் மீடியா அட்ரஸை (குரலுக்கான வெளி ஐபி) போட்டவர்கள் எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸை (சிப் செய்திகளுக்கான வெளி ஐபி) விட்டிருந்தார்கள். இரண்டும் வேண்டும், கூடவே உள் நெட்வொர்க் எது என்று சொல்லும் லோக்கல் நெட்டும். அப்புறம், இவை இருக்கும் டிரான்ஸ்போர்ட் பகுதியில் கைவைத்தால் ரீலோட் போதாது, ரீஸ்டார்ட் செய்யுங்கள். காமைலியோ (இன்னொரு சிப் சர்வர்) என்றால் லிசன் வரியிலேயே அட்வர்டைஸ் சேர்க்க வேண்டும்.

ஒரே வரியில் சரியாகிவிட்டது. ஏற்றிய ரேமை மட்டும் யாரும் திரும்பக் குறைத்ததாகத் தெரியவில்லை.

கால் ஓடும்போது ஸ்னாப்ஷாட்

ஸ்னாப்ஷாட் என்பது வி.எம்.மின் அந்த நேர நிலையை அப்படியே சேமிப்பது. மெமரியோடு எடுத்தால் வி.எம். சற்று உறையும். குரல் பாக்கெட் வழக்கமாக 20 மில்லிவிநாடிக்கு ஒன்று; அந்த உறைவு காதில் விழும். ராத்திரி எடுக்கலாம் என்பார்கள். அமெரிக்க ஷிஃப்ட் ஓடும் ஊரில் ராத்திரிதானே பீக்!

5060-ஐ ஊருக்கே திறந்துவைப்பது

5060 சிப்பின் வழக்கமான போர்ட். திறந்த சர்வரைத் துழாவும் ஸ்கேனர்கள் தேடிக்கொண்டு வரும். ட்ரங்க்கின் ஐபிக்கு மட்டும் திறங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு விபிஎன் கொடுங்கள்.

ரூட்டரில் சிப் ஏஎல்ஜி

சிப் செய்திகளுக்குள் இருக்கும் முகவரிகளை ரூட்டர் தானே திருத்தும் வசதி இது. அணைத்துவிடுங்கள்.