மாடியில் சுரைக்காய்: பிஞ்சு வெம்பாமல் காய்க்க வைப்பது எப்படி?

கொடி பந்தலேறிவிடும், பூக்கும், விரல் நீளத்துக்குப் பிஞ்சும் தெரியும். நாலைந்து நாளில் அது மஞ்சளாகிச் சுருங்கி உதிரும். உடனே உரம் போதவில்லை என்று இன்னும் அள்ளிப் போடுகிறார்கள். பெரும்பாலும் குறை உரத்தில் இல்லை. மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை. அதனால் இங்கே 4-வது படிதான் முக்கியம்.

1. பையும் மண்ணும்

சுரைக்கு 12 அங்குலப் பை போதாது, 18×18 அங்குலமாவது வேண்டும். பாதியாக வெட்டிய 200 லிட்டர் நீல டிரம் கிடைத்தால் இன்னும் நல்லது. மெல்லிய பாலித்தீன் பை வெயிலில் நொறுங்கிவிடும், எச்.டி.பி.இ. (அடர்த்தியான, உறுதியான பிளாஸ்டிக்) பையே வாங்குங்கள்.

செம்மண் 2 பங்கு, கோகோபீட் (தென்னை நார்க்கழிவுத் தூள்) 1 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு, பைக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு. கோகோபீட்டை ஊறவைத்து, இரண்டு முறையாவது தண்ணீரை வடித்துக் கொட்டுங்கள். அதிலுள்ள உப்பு இளஞ்செடியின் இலை ஓரத்தைக் கருக்கும்.

2. விதைப்பு

ஆடிப்பட்டம், தைப்பட்டம் இரண்டும் ஏற்றவை. கோ 1, அர்கா பஹார் ரகங்களை நம்பிப் போடலாம். விதையை 6 மணி நேரம் ஊறவைத்து, ஓர் அங்குல ஆழத்தில் பைக்கு மூன்று ஊன்றுங்கள். நாலு இலை வந்ததும் திடமான ஒன்றை மட்டும் விட்டு, மற்றதைக் கத்தரியால் நறுக்குங்கள். பிடுங்கினால் நிற்கும் செடியின் வேரும் அறுபடும்.

3. நுனி கிள்ளுதல்

தாய்க்கொடியில் ஆண் பூதான் அதிகம், பெண் பூ பக்கக் கிளைகளில் வரும். கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராமல் விட்டுவிட்டால் இலையும் ஆண் பூவுமாகத்தான் படரும்.

4. கையால் மகரந்தம் சேர்த்தல்

விதைத்து ஏறத்தாழ 40 நாளில் பூக்கும். முதலில் ஆண் பூ மட்டுமே வரும், கவலை வேண்டாம். ஆண் பூவின் காம்பு நீளமாக, வெறுமையாக இருக்கும். பெண் பூவின் அடியில் குட்டிச் சுரைக்காயே ஒட்டியிருக்கும்.

சுரைப்பூ விரிவது மாலையில். அந்தி நேரத்து அந்துப்பூச்சிகள் உயரமான மாடிக்கு அதிகம் வராததால்தான் இந்த வேலை நம் கைக்கு வருகிறது. காலையில் போய்ப் பார்த்தால் பூ வாடியிருக்கும்; பலர் சறுக்குவது இங்கேதான்.

மாலை ஆறு மணிவாக்கில், அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழ்களை உரித்துவிடுங்கள். நடுவில் நிற்கும் மகரந்தத் தண்டைத் தொட்டால் விரலில் தூள் ஒட்ட வேண்டும். அதைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூலக முடியின் எல்லா மடல்களிலும் மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தடவினால் காய் கோணலாக வளரும். ஓர் ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குப் போதும். பிரஷ்ஷே வேண்டாம், தூளில் பாதி அதன் மயிரிலேயே தங்கிவிடும். மழை வரும்போல இருந்தால் பூவைக் காகிதத்தால் மூடுங்கள்.

சேர்க்கை பிடித்திருந்தால் சில நாளில் பிஞ்சு பருத்து, காம்பு கீழ்நோக்கி வளையும்.

5. பழ ஈ

காயில் துளையும் பிசினும் தெரிந்தால் அது பழ ஈ. மாமரத்துக்கு விற்கும் மெத்தில் யூஜினால் பொறி இதற்கு உதவாது, கடையில் ‘கியூ-லூர்’ என்று கேட்டு வாங்குங்கள். பொறியில் ஆண் ஈ மட்டுமே சிக்கும் என்பதால், சேர்க்கை பிடித்த பிஞ்சுக்குத் துணிப்பையும் கட்டிவிடுவது நல்லது.

சேர்க்கை முடிந்து 12 முதல் 15 நாளில், நகம் எளிதாக இறங்கும் பதத்தில் பறியுங்கள்.

பின்சேர்க்கை (வாசகர்கள் கேட்டவை)

*பெண் பூ விரியும் நாளில் ஆண் பூ இல்லை:* ஒரே செடி வைத்திருப்பவர்களுக்கு இது வரும். பத்து நாள் இடைவெளியில் இரண்டு செடி வையுங்கள்.

*மற்ற கொடிகளுக்கும் மாலையா?* பீர்க்கு, புடலைக்கு மாலை. பூசணி, பாகல், வெள்ளரிக்குக் காலை. பூசணிப் பூ வெயில் ஏறுமுன் மூடிவிடும்.

*காய் கசக்கிறது:* சமைக்குமுன் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். குக்கர்பிட்டசின் என்ற நச்சுதான் அந்தக் கசப்பு, வேகவைத்தாலும் போகாது. கசப்புச் சுரைச் சாறு குடித்து இறந்தவர்கள் உண்டு.