இடுப்பு பிடிச்சுக்கிச்சா? மாத்திரைக்கு முன்னாடி இத பாருங்க

திடீர்னு இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னா படுத்தே கிடக்காதீங்க, வலி தாங்குற அளவுக்கு வீட்டுக்குள்ளயாவது மெதுவா நடங்க, படுத்தே இருந்தா தசை இன்னும் இறுகி குணமாக நாளாகும். சுடுதண்ணி பைய துணி சுத்தி 15-20 நிமிஷம் வைங்க, தோல்ல நேரா படக்கூடாது. தூங்கறப்ப ஒருக்களிச்சு படுத்து முட்டிக்கு நடுவுல தலகாணி.

கைரோபிராக்டிக் (முதுகெலும்ப, மூட்டுகள கையால அழுத்தி சரிபண்ற சிகிச்சை) போகலாமான்னு கேட்டா, இடுப்பு வலிக்கு போய் பாக்கலாம், அமெரிக்க டாக்டர்கள் அமைப்பான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸோட 2017 வழிகாட்டுதல்லயே மாத்திரைக்கு முன்னாடி சூடு, மசாஜ், அக்குபங்சர், முதுகெலும்ப கையால சரிபண்ற சிகிச்சை இதெல்லாம் பாக்கலாம்னுதான் இருக்கு. ஆனா கழுத்த வெடுக்குனு திருப்பறது மட்டும் வேண்டாம்னு நான் கண்டிப்பா சொல்வேன், அபூர்வம்தான், ஆனா ரத்தக்குழாய் கிழிஞ்சு ஸ்ட்ரோக் வர்ற ஆபத்து இருக்கு. எலும்பு பலவீனமா இருந்தாலோ ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ சிகிச்சை பண்றவங்ககிட்ட முதல்லயே சொல்லிடுங்க. முதுகெலும்ப சரிபண்ணியே சுகர், ஆஸ்துமாவ குணப்படுத்தறேன்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு நம்பாதீங்க, எழுந்து வந்துடுங்க.

கால் மரத்து பலமிழந்தாலோ, யூரின் கன்ட்ரோல் போனாலோ, வலியோட காய்ச்சலும் வந்தாலோ இதெல்லாம் எதுவும் பண்ணாம நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க.