ஒவ்வொரு கோடாக எடுங்கள்: காமா ஈக்யூலியின் 12 நிமிடத் துடிப்பை அளப்பது எப்படி?

முதன்முதலில் காமா ஈக்யூலி என்ற இந்த விண்மீனின் துடிப்பை, அதாவது அதன் மேற்பரப்பு ஏறி இறங்கும் ஆட்டத்தை, அளக்க உட்கார்ந்தபோது திரையில் வந்தது கிட்டத்தட்ட ஒரு நேர்கோடு. காப்பகத்திலிருந்து இறக்கிய நிறமாலைகள்மேல் (அலைநீள வாரியாகப் பிரித்த விண்மீன் ஒளி) குறை இல்லை. கோள் தேடுபவர்கள் பாணியில் நிறமாலையில் தனிமங்கள் பதிக்கும் நூற்றுக்கணக்கான இருண்ட கோடுகளை ஒன்றாகப் போட்டு, அவை நகரும் அளவிலிருந்து ஒரே சராசரி வேகம் எடுத்திருந்தேன், தப்பு அங்கேதான். இங்கே இரும்புக் கோடுகள் பெரும்பாலும் சும்மா நிற்கும். வளிமண்டலத்தின் உயரத்தில் உருவாகும் பிரசியோடிமியம், நியோடிமியம் என்ற அருமண் தனிமங்களின் கோடுகள்தான் நொடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் ஆடும். ஆடாத கூட்டத்தில் ஆடுகிறவை காணாமல் போய்விட்டன.

பழகுவதற்கு இதுவே நல்ல விண்மீன். பிரகாசம் 4.7 (வானியலின் மேக்னிட்யூட் அளவில்), சுழற்சி அவ்வளவு மெதுவானது என்பதால் கோடுகள் ஊசிபோல இருக்கும். அலைவுநேரம் சுமார் 12.3 நிமிடம்.

எந்தத் தரவை எடுத்தாலும் ஒவ்வொரு நிறமாலைக்கும் எவ்வளவு நேரம் ஒளி சேர்த்தார்கள் என்று முதலில் பாருங்கள். 1 நிமிடம் என்றால் ஆட்டத்தின் வீச்சில் 99 சதவீதம் தப்பிக்கும். 6 நிமிடம் என்றால் 65. 12 நிமிடம் என்றால் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. ஏறியதும் இறங்கியதும் ஒரே படத்தில் கலந்துவிடும்.

அப்புறம் கோடு. இருமுறை அயனியான (இரண்டு எலக்ட்ரான்களை இழந்த) நியோடிமியத்தின் 6145.07 ஆங்ஸ்ட்ராம் (அலைநீள அலகு) கோட்டை எடுங்கள். நொடிக்கு 500 மீட்டர் வேகம் அதை நகர்த்துவது வெறும் 0.01 ஆங்ஸ்ட்ராம். பகுதிறன் (அருகருகே உள்ள அலைநீளங்களைப் பிரிக்கும் திறன்) 1,00,000 உள்ள கருவியே பிரித்துக் காட்டுவது 0.06 தான். கண்ணால் பார்த்துப் பயனில்லை. பூமியின் வேகத்தை முதலில் கழியுங்கள்; அதன் தற்சுழற்சி மட்டுமே 2 மணி நேரத்தில் நொடிக்கு 200 மீட்டர் வரை போலிச் சரிவைக் கொடுக்கும். பிறகு தொடர்நிறமாலையை, அதாவது கோடுகளுக்கு இடையே உள்ள ஒளி மட்டத்தை, 1 என்று சமன்செய்து, எல்லா நிறமாலைக்கும் ஒரே எல்லைகளை வைத்து, கோட்டின் ஆழத்தை எடையாகக் கொண்டு சராசரி அலைநீளம் கணக்கிடுங்கள். அந்த எண்ணை நேரத்துக்கு எதிராக வரைந்தால் அலை தெரியும். எனக்கு அன்று இரவு தூக்கம் போனது இதைப் பார்த்துத்தான்.

சரி, நம்பலாமா? அதே நிறமாலைகளில் ஒரு இரும்புக் கோட்டை அதே முறையில் அளந்து பாருங்கள். அதுவும் அதே அளவு ஆடினால் ஆடுவது விண்மீன் அல்ல, கருவி. ஒளி கருவிக்குள் நுழையும் குறுகிய பிளவுக்குள் விண்மீனின் பிம்பம் அப்படி இப்படி நகர்ந்தாலே போலி வேகம் வரும்.

இரும்பு அடங்கியிருந்தால் பிரசியோடிமியத்துக்கும் இதையே செய்து, இரண்டுக்கும் சைன் அலை பொருத்துங்கள். உச்சங்கள் ஒரே நேரத்தில் விழாவிட்டால், அலை ஒரு உயரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக எடுக்கும் நேரத்தை அந்த இடைவெளியில் தேடலாம்.

வெவ்வேறு இரவுகளைச் சேர்ப்பதானால், கடிகார நேரத்தைச் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பூமி நகர்வதால் ஒரே மாதத்தில் ஒளி வந்துசேரும் நேரம் 3 நிமிடத்துக்கு மேல்கூட மாறலாம். நான் அதை மறந்து, துடிப்பின் கட்டம் (உச்சம் விழும் நேரம்) தாவுகிறது என்று ஒரு வாரம் குதித்துக்கொண்டிருந்தேன்.