‘பெரிய விமானம்தானே’ என்று பெல்ட்டை அவிழ்க்காதீர்கள்

போன மாதம், என்னைப் போலவே விமானப் பணிப்பெண்ணாகப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணோடு பறந்தேன். கடைசி வரிசைப் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர் அவளைக் கூப்பிட்டு, “ரொம்ப ஆடுமாம்மா?” என்று கேட்டார். “இல்லைங்க ஐயா, இது பெரிய விமானம். ஒண்ணுமே தெரியாது” என்றாள். எனக்குப் பதறிவிட்டது. அவள் வயதில் இதே பதிலை நானும் சொல்லியிருக்கிறேன். அதனால் அடிபட்டவர் வேறொருவர்.

விளக்கு எரிந்தால் பெல்ட் போடுங்கள், குலுங்கும்போது எழுந்து பெட்டியை எடுக்காதீர்கள் என்பதையெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். விமானத்தின் அளவை வைத்து நாம் போடும் தப்புக் கணக்குகளை மட்டும் எழுதுகிறேன்.

உருவத்தை வைத்து முடிவு செய்வது

பெரிய விமானம் குறைவாக ஆடும் என்பது பாதி உண்மை. காற்று ஒரு விமானத்தை எவ்வளவு தூக்கிப் போடும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது, அதன் இறக்கையில் ஒவ்வொரு சதுர மீட்டரும் எத்தனை கிலோவைத் தாங்குகிறது என்பதுதான். அந்தக் கிலோ கூடக் கூட ஆட்டம் குறையும். நான்கு பேர் உட்காரும் செஸ்னா 172-இல் அது 70 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சுழல்விசிறி வைத்த சிறிய பயணிகள் விமானமான ஏடிஆர் 72-இல் முழு எடையோடு ஏறத்தாழ 375. ஒற்றை நடைபாதை ஜெட்டான ஏ320-இல் 635 அளவில். இரண்டு மாடி ஏ380-இலோ 680தான். எடையில் ஏ320-ஐப் போல ஏழு மடங்குக்கு மேல் இருக்கும் விமானம் அது. ஆனால் இந்தக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி இல்லை.

இந்த எண் பயணம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. போயிங் 777-300ஈஆர் உச்ச எடையோடு கிளம்பும்போது சதுர மீட்டருக்கு 800 கிலோ. வழியில் எரிபொருள் குறைந்து, தரையிறங்க அனுமதிக்கப்பட்ட உச்ச எடைக்கு வரும்போது அது 575 ஆகிவிடும். முழு எடையோடு கிளம்பும் ஏ320-ஐவிடக் குறைவு! இரவெல்லாம் அசையாமல் வந்த விமானம் விடியற்காலையில் ஆடத் தொடங்கினால் வானிலை மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

ஏடிஆர் அதிகம் குலுங்குவதற்கு அதன் உயரமும் ஒரு காரணம். 25,000 அடிக்கு மேல் அது போகாது. ஜெட்டுகள் பல மேகங்களைக் கீழே விட்டுவிட்டு 35,000 அடியில் போகும்போது, ஏடிஆர் அவற்றுக்கு நடுவே போக வேண்டியிருக்கிறது.

பெரிய விமானத்தில் பெல்ட் தேவையில்லை என்று நினைப்பது

என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இது.

சிறிய விமானத்தில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இரண்டு நடைபாதை கொண்ட பெரிய விமானத்துக்கு மாறிய புதிது. முதல் சில வாரங்களில் தேநீர்க் கோப்பைகூட அசையவில்லை. ஒரு பயணத்தில் பயந்துபோயிருந்த தம்பதியரிடம், “இது பெரிய விமானம், நிம்மதியா தூங்குங்க” என்றேன். கணவர் பெல்ட்டை அவிழ்த்துவிட்டுப் படுத்தார். நான் பார்த்தேன், எதுவும் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, விளக்கு எரியாத நேரத்தில், விமானம் ஒரே ஒரு முறை அமுங்கி எழுந்தது. பெல்ட் போட்டிருந்தவர்களுக்கு வயிற்றைப் புரட்டியதோடு சரி. அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவர் மனைவி என்னைத் திட்டவில்லை. “ஆடாதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?” என்று மட்டும் கேட்டார்.

பெரிய விமானம் சின்னச் சின்ன அதிர்வுகளைத் தானே வாங்கிக்கொண்டுவிடும். போயிங் 787-இல் அதற்கென்றே தானியங்கி ஏற்பாடும் உண்டு. சுகமான விஷயம்தான். ஆனால் சிறிய விமானத்தில் இருக்கும் முன்னறிவிப்பு இங்கே குறைந்துபோகிறது. ஏடிஆரில் அடிக்கடி குலுங்குவதால் யாரும் பெல்ட்டை அவிழ்ப்பதில்லை. பெரிய விமானத்தில் நீங்கள் உணரும் முதல் குலுக்கலே பெரிய குலுக்கலாக இருக்கலாம். மேகமில்லாத வானில் வரும் டர்புலன்ஸை (காற்றுக் கொந்தளிப்பை) விமானத்தின் ரேடாரும் காட்டாது. அது மழைத்துளிகளைத்தான் பார்க்கும்.

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் 777-300ஈஆர்தான். மியான்மருக்கு மேலே 37,000 அடியில் அது கடும் குலுக்கலில் சிக்கியது. விமானத்துக்குள் இருந்தவர்கள் மீதான விசை +1.35 ஜியிலிருந்து (தரையில் நிற்கும்போது நம் மீது இருப்பது 1 ஜி) –1.5 ஜிக்கு மாற ஆன நேரம் 0.6 நொடி என்று சிங்கப்பூர் விசாரணையாளர்களின் முதற்கட்ட அறிக்கை சொல்கிறது. பெல்ட் விளக்கு போடப்பட்டதாக விமானி சொன்னதற்கும் இதற்கும் இடையே எட்டு நொடிதான். ஒரு பயணி உயிரிழந்தார். பலர் படுகாயம் அடைந்தார்கள். 1997 டிசம்பர் 28 அன்று டோக்கியோவிலிருந்து ஹோனலூலு போன விமானத்திலும் பசிபிக்குக்கு மேலே ஒரு பயணி இதே போல் இறந்தார். அது போயிங் 747.

விசை பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டால் இருக்கை உங்களைவிட வேகமாகக் கீழே போகிறது. பெல்ட் இல்லாதவர் அந்தரத்தில் நிற்க, கூரை அவர் தலையை நோக்கி வருகிறது. பெரிய விமானத்தில் கூரை உயரம். அதனால் மோதும்போது வேகம் கூடும், திரும்பக் கீழே விழும் தூரமும் கூடும். விசாலமான கேபின் இந்த ஒரு விஷயத்தில் நமக்கு எதிரி.

இப்போது யாராவது “ஆடுமா?” என்று கேட்டால், “ஆடலாம் ஐயா. பெல்ட்டை இடுப்போடு இறுக்கிப் போடுங்க, போர்வைக்கு மேலே தெரியற மாதிரி போடுங்க, உங்களை எழுப்பாமலே நாங்க பார்த்துக்குவோம்” என்கிறேன். அந்தப் பெண்ணையும் கையோடு அழைத்துப் போய்ப் பெரியவரிடம் இதையே சொல்ல வைத்தேன்.

பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு விமானத்தைக் குறை சொல்வது

777-300ஈஆரின் நீளம் கிட்டத்தட்ட 74 மீட்டர். காற்று அடிக்கும்போது அது எடைமையத்தைச் சுற்றி அசைகிறது. இறக்கைக்கு அருகே இருப்பவருக்கு லேசாகத் தெரிவது, முப்பது மீட்டர் தள்ளி வாலில் இருப்பவருக்கு மேலும் கீழுமாக, பக்கவாட்டிலுமாகப் பெரிதாகத் தெரியும். நீண்ட உடல் கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். குலுக்கல் பிடிக்காதவர்கள் இறக்கையை ஒட்டிய வரிசையைக் கேளுங்கள்.

இறக்கை வளைவதைப் பார்த்து அஞ்சுவது

வளைய வேண்டும். 2010-இல் நடந்த சோதனையில் 787-இன் இறக்கை நுனியை ஏறத்தாழ 25 அடி வளைத்துப் பார்த்தார்கள், முறியவில்லை.

‘ஆயிரம் அடி விழுந்தோம்’

மேலே சொன்ன சிங்கப்பூர் விமானம் அந்தக் கணத்தில் இறங்கியது 178 அடி. அவ்வளவுதான். இறங்கிய தூரத்தைவிட, எவ்வளவு சடக்கென்று இறங்கியது என்பதே ஆளைத் தூக்கி அடிக்கிறது.

முன்னால் போன விமானத்தை நம்புவது

இது பணிக்கு வருபவர்களுக்கு. ‘முன்னால் போனவர் லேசான குலுக்கல் என்றார்’ என்று கேட்டதும் டிராலியை எடுத்துவிடாதீர்கள். சொன்னது எந்த ரக விமானம்? 777-க்கு லேசாக இருந்தது ஏடிஆருக்கு நடுத்தரமாக இருக்கலாம். இதனால்தான் விமானத்தின் அளவைச் சாராமல் காற்றின் கொந்தளிப்பையே அளக்கும் ஈடிஆர் என்ற அலகுக்கு விமானத்துறை நகர்ந்துகொண்டிருக்கிறது.

குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது

–1.5 ஜியில் 10 கிலோ குழந்தையை 15 கிலோ விசை மேலே இழுக்கும். அரை நொடிக்குள் எந்தத் தாயின் கையும் இறுகாது. முடிந்தால் தனி இருக்கை வாங்கி, குழந்தைக்கான இருக்கையில் கட்டி உட்கார வையுங்கள்.