கொப்பித் தாளில் ஒரு நியூமோனியா: வரைந்து பார்த்துப் புரிந்துகொள்வோம்

ஒரு கொப்பித் தாள், பென்சில், சிவப்புப் பேனை, நீலப் பேனை எடுத்துக்கொள்ளுங்கள். ஓ.எல் விஞ்ஞானம் மறந்திருந்தாலும் பரவாயில்லை. வாய்க்காலில் தண்ணீர் திருப்பிப் பழகியிருந்தால் அதுவே போதும்.

படி 1. தாளின் நடுவில் திராட்சைக் குலைபோல ஏழெட்டு வட்டங்கள். இவை நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள். அவற்றை ஒட்டி, மெல்லிய சுவரோடு ஒரு சிவப்புக் குழாய் வரையுங்கள். அதுதான் மயிர்க்குழாய், மிக ஒடுக்கமான இரத்தக்குழாய். ஒரு வட்டத்துக்குள் பெரிய கலம் ஒன்று போடுங்கள். அது மக்ரோபேஜ், காவல் கொட்டிலில் இருப்பவர் மாதிரி. தூசியையும் தப்பி வரும் பற்றீரியாவையும் நமக்குத் தெரியாமலே விழுங்கிக்கொண்டிருக்கும்.

படி 2. அதே வட்டத்தில் சோடி சோடியாகப் புள்ளிகள். நியூமோனியாவை உண்டாக்கும் நியூமோகொக்கஸ் என்ற பற்றீரியா அப்படித்தான் இருக்கும். அதன் வழுக்கும் உறையால் மக்ரோபேஜுக்குப் பிடி கிடைக்காது. வன்னியில் இன்னொன்றையும் நினைவில் வைக்கவேண்டும்: வயல் சேற்றில் வாழும் மெலியோய்டோசிஸ் கிருமி. விழுங்கப்பட்ட பிறகும் கலத்துக்குள்ளேயே பெருகக்கூடியது. சீனி வருத்தம் உள்ளவர்களைத்தான் கூடுதலாகப் பிடிக்கும்.

படி 3. தனியாகச் சமாளிக்க முடியாத மக்ரோபேஜ் சைட்டோகைன் என்ற இரசாயனங்களால் கூப்பாடு போடும். இரண்டு அம்புக்குறி போடுங்கள். ஒன்று மூளைக்கு: காய்ச்சல் வருவது அதனால்தான். மற்றது மயிர்க்குழாய்க்கு. குழாய்க்குள் நீலத்தில் நியூட்ரோபில்களை, அதாவது கிருமியோடு சண்டை போடும் ஒரு வகை வெண்குழியங்களை, வரையுங்கள். நுரையீரலின் மயிர்க்குழாய் பல இடங்களில் இவற்றைவிட ஒடுக்கம். உடலை நெளித்துத்தான் நகரவேண்டும். கூப்பாடு கேட்டதும் சுவரில் ஒட்டி, இடுக்கால் நுழைந்து சிற்றறைக்குள் இறங்கும். கிருமியை விழுங்கும், நச்சு இரசாயனம் கக்கும், சில தம் டிஎன்ஏயையே வலைபோல விரித்துப் பிடிக்கும். எனக்கு இந்த வலைதான் பிடித்த பகுதி, பெரிதாகவே வரையுங்கள்.

படி 4. நியூட்ரோபில் நுழைகிற சுவரால் நீரும் கசியும். வட்டத்தை நீலத்தால் நிரப்புங்கள். காற்று இருக்கவேண்டிய இடத்தில் இப்போது நீரும் சீழும். மூச்சு வாங்குவது இதனால்தான். பெரும்பாலும் இந்தச் சண்டை இங்கேயே முடிந்து, செத்த நியூட்ரோபில்களை மக்ரோபேஜே தின்று துப்புரவாக்கிவிடும்.

படி 5. முடியாவிட்டால்? தாளைத் திருப்பி ஒரு முழு உடம்பை வரையுங்கள். இப்போது அதே கூப்பாடு இரத்தத்தோடு எல்லா இடத்துக்கும் போகிறது. எங்கும் குழாய்கள் விரிகின்றன, கசிகின்றன. குழாய்களுக்குள் இரத்தமும் நுண்ணிய கட்டிகளாக உறைகிறது. இரணைமடுக் குளத்து வாய்க்கால் வழிநெடுக உடைந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகுமா? அப்படித்தான் இரத்த அழுத்தம் விழ, சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் இரத்தம் போதாமல் போகும். இதுதான் செப்சிஸ். ஆஸ்பத்திரியில் அன்டிபயோடிக்கோடு சேலைனும் ஏற்றுவது ஏனென்று இப்போது விளங்கும்.

வேகமான மூச்சு, குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைதல், குளிர்ந்த கைகால் கண்டால் படத்தை அப்படியே விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம் இரத்த ரிப்போர்ட். நியூமோனியாவில் நியூட்ரோபில் வழமையாகக் கூடும். கடும் செப்சிஸில் சிலருக்கு அது குறைந்தும் போகும், ஏனென்றால் எலும்பு மச்சை செய்து அனுப்புவதைவிட வேகமாகச் செலவாகிவிடும். ஆகவே ஆள் சோர்ந்து கிடக்கும்போது 'வெண்குழியம் கூடவில்லைத்தானே' என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்.